எல்லாப்ரகட சுப்பாராவ்: ஸ்ப்ரூவில் தொடங்கிய பயணம்

ஸ்ப்ரூ என்ற நோயை இன்று அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வெப்பமண்டல நாடுகளில் வரும் தீராத வயிற்றுப்போக்கு அது. சாப்பிடுவது எதுவும் உடலில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும், ரத்தம் வற்றும், ஆள் மாதக்கணக்கில் எலும்பும் தோலுமாகத் தேய்வார். எல்லாப்ரகட சுப்பாராவ் இளைஞராக இருந்தபோது அவருடைய சகோதரர்கள் இருவரை எட்டு நாள் இடைவெளியில் இந்த நோய் கொண்டுபோனது. பிறகு அவரையும் பிடித்தது. ஆங்கில மருத்துவம் கைவிட்ட நிலையில் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் பிழைத்துக்கொண்டார். எப்படிப் பிழைத்தோம் என்பது அவருக்கும் புரியவில்லை, மருந்து கொடுத்தவருக்கும் ரசாயன ரீதியில் விளக்கத் தெரியவில்லை. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை இறக்கி வைக்கவே இல்லை என்று தோன்றுகிறது.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகள் கொண்ட வீடு, நோயால் சீக்கிரமே வேலையை விட்டுவிட்ட அப்பா. படிப்பு ஏறவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா வெங்கம்மா பிடித்து வரச் செய்தார். நகைகளை விற்றுப் பையனைப் படிக்க வைத்தவரும் அந்த அம்மாதான். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முறையில் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்த நாட்களில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகும் ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. சேவைதான் நோக்கம் என்றால் மருத்துவம் படிக்கலாமே என்று மடத்தில் உள்ளவர்களே சொல்ல, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பணத்துக்கு நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார்கள். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-இல் மணந்தார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கியில் போனவர் சுப்பாராவ். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்காமல், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். அங்கே இருந்தபடி வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு முயன்று, காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் கொடுத்த பணத்தில் கப்பல் ஏறினார்.

1922 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் இறங்கினார். மூன்று வருடத்தில் திரும்பிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அயல்நாட்டில் வாழும் நம்மில் எத்தனை பேர் இதே கணக்கைச் சொல்லிவிட்டு விமானம் ஏறினோம் என்று யோசித்தால் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும். அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை, தோலில் பரவும் ஒரு கிருமித் தொற்றில் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தது. குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை. சுப்பாராவின் சாதனைகளைப் பேசுபவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்காகக் கொடுத்த விலை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தப் பெண்.

ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்பு. எல்.எம்.எஸ். சான்றிதழை அமெரிக்காவில் மதிப்பார் இல்லாததால் மருத்துவராக வேலை பார்க்க முடியாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் மலஜலத் தட்டுகளைக் கழுவி வயிற்றைக் கழுவினார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் இடம் கிடைத்தது.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஃபிஸ்க்கும் அவரும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். அறிவியல் உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளின் வரிசையில் இதற்கு இடமுண்டு. ஆனால் சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். தசையிலிருந்து எடுத்த சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தபோது நிறம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறியது. சோதனையில் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்தச் சபலம் நன்றாகத் தெரியும். எதிர்பாராத விடை வந்தால் கருவியைக் குறை சொல்லத்தான் முதலில் கை போகும். இவர்கள் தாமதம் எதனால் என்று தோண்டினார்கள். தசையில் பாஸ்பரஸ் வேறொன்றோடு பிணைந்திருந்து, சோதனையின் அமிலத்தில் உடைந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவது தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியாட்டின், 1927. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு ஐந்து வருடம் முன்புதான் நோபல் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். உயிர்களின் ஆற்றல் நாணயம் என்று பள்ளிப் புத்தகங்களில் இன்று வரும் அதே ஏ.டி.பி.தான். ஜெர்மனியில் லோமான் சில வாரங்கள் முந்திக்கொண்டு வெளியிட்டதால் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் லோமான் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன.

1930-இல் முனைவர் பட்டம் கிடைத்தது, நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஃபிஸ்க்கின் பதவி உயர்வுக்கு உதவுவதற்காகத் தன் பங்கைக் குறைத்துச் சொன்னார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே ஆய்வகத்தில் படித்து, 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியிட விடவில்லை என்றும், பல வருடங்கள் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் பிற்காலத்தில் சொன்னார். சுப்பாராவைத் தியாகியாக மட்டும் பார்க்க எனக்குத் தயக்கம் உண்டு. விட்டுக்கொடுப்பது சில சமயம் பெருந்தன்மை. வேறு சில சமயம், சண்டை போடத் தெம்பில்லாத அந்நியனின் கணக்கு. ஆசியர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்ட காலம் அது. இந்தியர்களுக்கு 1946-இல்தான் சட்டம் வழிவிட்டது. அவர் குடியுரிமை பெறாமலே இறந்தார்.

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவிலேயே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அடுத்த எட்டு வருடங்களில் நடந்தவை ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்துச் சொல்ல நம்ப முடியாதவை.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதை பம்பாயில் தொடங்குகிறது. அங்கே கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதை 1930-ஐ ஒட்டிய வருடங்களில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டார். சாற்றில் இருந்த பொருள் எது என்று தெரியவில்லை. லெடர்லியில் ஸ்டோக்ஸ்டாட் உள்ளிட்ட குழு அதைப் பிரித்தெடுத்து, 1945-இல் செயற்கையாகச் செய்தும் காட்டியது. அமைப்பையும் செய்முறையையும் சொல்லும் 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள். குழுவின் தலைவரான சுப்பாராவின் பெயர் நடுவில் எங்கோ இருக்கிறது. செயற்கை ஃபோலிக் அமிலம் வந்தவுடன் டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதைக் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். படுத்துக்கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, ரத்தம் ஊறியது.

இதே பொருளைப் புற்றுநோய்க்கும் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் எண்ணினார். சுப்பாராவ் ஃபோலிக் அமிலச் சேர்மங்களை அனுப்பினார். ரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளில் விளைவு தலைகீழாக இருந்தது, நோய் வேகமெடுத்தது. நினைத்துப் பார்க்கவே சங்கடமான கட்டம் இது. செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் வேலை செய்யாத மூலக்கூறுகளை லெடர்லியின் வேதியியலாளர்கள் செய்து அனுப்பினார்கள். பூட்டில் போலிச் சாவி நுழைந்து மாட்டிக்கொள்வது போல, அது செல்லின் நொதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரிசையில் வந்த அமினோப்டெரினை 1947-இன் கடைசியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 1948 ஜூனில் ஃபார்பர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேருக்கு முன்னேற்றம். நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆனால் குழந்தைகளின் கடுமையான ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்கு அடங்கும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. அதன் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது. வசதியுள்ள நாடுகளில் அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இடையில் யானைக்கால் நோய். பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்த நோயோடு திரும்ப, லெடர்லியில் ஹெவிட் என்பவரின் குழு எலிகளில் ஒவ்வொரு சேர்மமாகச் சோதித்து டைஎத்தில்கார்பமசினைப் பிடித்தது. 1947-இல் போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளியாயின. தமிழ்நாட்டில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொன்ன யானைக்கால் மாத்திரை இதுதான்.

பிறகு ஆரியோமைசின். ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரை எழுபது வயதுக்கு மேல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது லெடர்லி. நாடெங்கிலுமிருந்து வந்த மண்ணில், மிசௌரியின் ஒரு வயல் மண்ணிலிருந்து 1945-இல் அவர் பிரித்த நுண்ணுயிர் பொன்னிறமாக இருந்தது. அதிலிருந்து வந்ததுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. அதை மனிதர்களில் முதலில் சோதித்தவர் ஹார்லம் மருத்துவமனையின் கறுப்பின அறுவை மருத்துவர் லூயிஸ் ரைட். 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதம் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53.

பிறகு ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. நோபல் கிடைக்கவில்லை என்று ஆதங்கப்படும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதைவிட ஆச்சரியம், அவருடைய மூலக்கூறுகளை வைத்து மருத்துவமனைகளில் இன்னும் சோதனை நடந்துகொண்டிருப்பது. ஏழு நாடுகளில் 1,817 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு, கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் காட்டியது. மெதோட்ரெக்ஸேட் சிறிய அளவில், வாரத்துக்கு ஒரு நாள், முடக்குவாதத்துக்கு முதல் மருந்தாகிவிட்டது. இதய நோய்க்கு உதவுமா என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். உதவவில்லை என்று 2018-இல் தெரிந்தது. நுரையீரலைத் தாக்கும் சார்காய்டோசிஸில் ஸ்டீராய்டுக்கு ஈடாக நிற்கிறது என்று 2025-இல் நெதர்லாந்து ஆய்வு சொன்னது. யானைக்கால் மாத்திரையோடு இன்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஒரே வேளை கொடுத்தால் ரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகள் நீண்டகாலத்துக்கு ஒழிகின்றன என்று பப்புவா நியூகினி ஆய்வு 2018-இல் காட்டியது. இந்தியாவும் பல மாவட்டங்களில் இந்த மூன்று மருந்து முறைக்கு மாறியது. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி வந்தபோது மக்கள் மருந்துக் கடைகளில் அலைமோதி வாங்கியது டெட்ராசைக்ளினை.

வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு இன்று என்ன சிகிச்சை என்று மருத்துவப் பாடநூலைப் புரட்டினேன். இரண்டு மருந்துகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றது டெட்ராசைக்ளின்.