லியோன் நகரத்து ‘அம்மா’

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்றொரு பெரிய நகரம். பட்டு நெசவுக்கும் சாப்பாட்டுக்கும் பேர் போன ஊர். அங்கே பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் பலர், அந்த வேலையை விட்டதும் சொந்தமாகச் சிறு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். ஆடம்பரம் இல்லாத வீட்டுச் சமையலைப் பக்குவமாகச் செய்து போட்டார்கள். சாப்பிட வந்தவர்கள் அவர்களை ‘மேர்’ என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘அம்மா’ என்று பொருள். அந்த அம்மாக்களில் உலகப் புகழ் பெற்றவர் எஜெனி பிராசியே.

1895 ஜூன் 12-ம் தேதி, கோழிகளுக்குப் பெயர் பெற்ற பிரெஸ் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதிலேயே பன்றி மேய்த்தார். பண்ணை வேலை குறைந்த குளிர்காலத்தில்தான் பள்ளிக்கூடம். பத்து வயதில் தாயை இழந்து, பிறர் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போனார்.

1914-ல் திருமணம் ஆகாமலே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் வீட்டை விட்டு விரட்டிவிட்டார். குழந்தை காஸ்தோனை ஒரு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, பிழைப்புத் தேடி லியோனுக்கு வந்தார். ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து மெல்லச் சமையலறைக்குள் நுழைந்தார். பிறகு, ‘மேர் பில்லியூ’ என்ற புகழ் பெற்ற அம்மாவின் கடையில் தொழில் கற்றார்.

1921-ல் ராயல் தெருவில் ஒரு சிறு மளிகைக் கடையை வாங்கிச் சாப்பாட்டுக் கடையாக மாற்றினார். பதினைந்து பேர்தான் உட்காரலாம். பண்டங்கள் சிலவே. ஆனால் எதிலும் குறை இருக்காது. பிரெஸ் கோழியின் தோலுக்கடியில், மண்ணுக்குள் விளையும் கறுப்புக் காளானை வில்லைகளாக நறுக்கிச் செருகி, காய்கறிகளோடு வேகவைப்பார். வெள்ளைத் தோலில் கறுப்பு தெரிவதால் அதற்கு ‘அரைத் துக்கக் கோழி’ என்று பெயர். இதற்காகவே வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நகர மேயர் எதுவார் எரியோவும் வாடிக்கைக்காரர்தான். கோழி தரமாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார் பிராசியே. சமையலறைச் சுத்தத்தில் கொஞ்சமும் விட்டுக் கொடுக்க மாட்டார்.

பின்னர், லியோனுக்கு வெளியே லூயேர் என்ற மலைப் பகுதியில், மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத மரக்குடிலில் இரண்டாவது கடையைத் தொடங்கினார். டயர் நிறுவனமான மிஷ்லேன், ஓட்டல்களின் தரத்தை மதிப்பிட்டு வழிகாட்டி நூல் வெளியிடுகிறது. அதில் மூன்று நட்சத்திரமே உச்சம். 1933-ல் பிராசியேயின் இரண்டு கடைகளுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. ஒருவருக்கே ஆறு நட்சத்திரம்! இதை மற்றொரு சமையல்காரர் எட்டிப் பிடிக்க 1998 வரை ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போல் பொகூஸ் என்ற இளைஞர் லூயேரில் வேலைக்குச் சேர்ந்தார். பசு கறந்தார், துணி துவைத்தார், சமையலும் கற்றார். பிற்காலத்தில் பிரான்சின் தலைசிறந்த சமையல் கலைஞர் என்று போற்றப்பட்டவர் இவர்தான்.

கைக்குழந்தையாகப் பிரிந்த மகனும் தாயின் தொழிலுக்கே வந்தார். ராயல் தெருக் கடையை அந்தத் தாய் அவரிடமே ஒப்படைத்தார். ஆனால் 1974-ல் மகன் முந்திக்கொண்டார். தாய் 1977 மார்ச் 2-ம் தேதி, 81-வது வயதில் காலமானார்.

தகப்பன் வீட்டில் இடமில்லாமல் வெளியேறிய பெண்ணை ஒரு நகரமே ‘அம்மா’ என்று அழைத்தது.