படுத்தவர் எழுந்தார்!

1868-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. பாரீஸ் நகரம். அந்த விஞ்ஞானிக்கு வயது 45. காலையிலிருந்தே இடது பக்கம் மதமதப்பாக இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கூட்டத்துக்குப் போனார், கட்டுரை படித்தார், வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்தார்.

படுத்ததும் பேச்சு நின்றது. சிறிது நேரத்தில் பேச்சு திரும்பியது. ஆனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம்!

அவர்தான் லூயி பாஸ்டர். தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். பட்டுப்புழுக்களை அழித்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர்.

நின்றுபோன கட்டிட வேலை

அவருக்காக ஆய்வுக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணி வேலையை நிறுத்திவிட்டார்கள். அதை அறிந்த பாஸ்டரின் மனம் உடைந்தது. செய்தி மன்னர் நெப்போலியன் காதுக்கு எட்டியது. வேலை மீண்டும் தொடங்கியது.

அவர் வீட்டார் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. மனைவி மேரி மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். ஆனாலும் தளராமல் பணிவிடை செய்தார். மாணவர்கள் முறை வைத்துக் கண்விழித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பாஸ்டர் படுத்தபடியே ஆராய்ச்சிக் குறிப்பைச் சொன்னார், மாணவர் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் ஆனது. மனைவியும் மகளும் உடன்வர, ரெயிலில் படுத்தபடியே பட்டுப்புழு ஆராய்ச்சிக்குப் புறப்பட்டார்!

இடது கை முழுமையாகத் திரும்பவில்லை. நடையில் நொண்டல் நின்றது. ஆனால் 1885-ம் ஆண்டு வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரைக் காப்பாற்றியது அவர் கண்ட தடுப்பு மருந்துதான். பக்கவாதம் வந்த பிறகு 27 ஆண்டுகள் வாழ்ந்து, 1895-ம் ஆண்டு மறைந்தார்.

மலைவாசிகளுக்கு

அவர் பெயரால் 1907-ம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. நீலகிரிக்கு அவர் தந்தது மருந்து. ஏற்காட்டுக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் அவர் வாழ்க்கை தருவது பாடம்.

வாய் கோணினாலும், கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் நேரம் பார்த்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

வீடு திரும்பிய பின் குடும்பத்தாரின் வேலை தொடங்குகிறது. விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும்வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பிறகும் நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. சொல்லித் தந்த பயிற்சியை நாள் தவறாமல் செய்விக்க வேண்டும். பணிவிடை செய்பவரும் முறை மாற்றி உறங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் காதுபட, இனி இவர் அவ்வளவுதான் என்று யாரும் பேசக் கூடாது. பாஸ்டர் வீட்டில் அப்படி எண்ணியிருந்தால், அந்தச் சிறுவன் பிழைத்திருக்கமாட்டான்!