பிளேக் ஊசி கண்ட ஹாப்கின்

பெங்களூரில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் உண்டு. 1898-ல் பிளேக் நோய் இந்நகரைத் தாக்கியபோது மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். ரயில் பிரயாணிகளை நிலையங்களில் நிறுத்திச் சோதித்தனர். நோயைக் குணப்படுத்த அன்று மருந்து இல்லை. வருமுன் காக்க ஓர் ஊசி மட்டும் இருந்தது. அதைக் கண்டவர் வால்டெமார் ஹாப்கின்.

இன்றைய உக்ரைனிலுள்ள ஒடெஸா நகரில், 1860-ல், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்தபோது, 1892-ல் காலரா தடுப்பு மருந்தைத் தயாரித்துத் தமக்கே முதலில் போட்டுக் கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஹாப்கின் அங்கு விரைந்தார். இறைச்சிச் சாற்றில் நெய்யை மிதக்கவிட்டு, அதில் பிளேக் கிருமிகளை வளர்த்தார். பிறகு சூடேற்றி அவற்றைக் கொன்றார். செத்த கிருமி நோயைத் தராது. ஆனால் அதைக் கண்ட உடம்பு, எதிர்த்துப் போராடும் பொருள்களைத் தன் இரத்தத்தில் உண்டாக்கிக் கொள்ளும். பின்னர் உயிருள்ள கிருமி நுழைந்தால் உடனே தாக்கும். 1897 ஜனவரி 10-ல் இந்த மருந்தையும் அவர் தம் உடம்பிலேயே சோதித்தார். அதன்பின் பைகுல்லா சிறையில், விரும்பி முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. ஊசி போட்டவர்களிடையே சாவு குறைந்தது.

1902-ல் பேரிடி விழுந்தது. பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக் கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். பழி ஹாப்கின் மீது விழுந்தது. பதவி பறிபோனது. உண்மையில், மருந்துப் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே அவர் உபயோகித்திருந்தார். 19 பேருக்கும் போட்டது அந்த ஒரே புட்டி மருந்துதான்.

ஒரு காலத்தில் பெங்களூரில் காலரா தடுப்பு வேலை பார்த்த ரொனால்ட் ராஸ், ஹாப்கினுக்காக வாதாடினார். வேறு விஞ்ஞானிகளும் சேர்ந்து கொண்டனர். 1907-ல் களங்கம் நீங்கியது. ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்து, 1914-ல் ஓய்வு பெறும் வரை உழைத்தார். ஆனால் பழைய பதவி திரும்பவில்லை.

1925-ல் பம்பாய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-ல் ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.

பிளேக்கைக் குணப்படுத்த ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் பின்னாளில் வந்தன. அவை இல்லாத நாளில், பழியையும் தாங்கிப் பல உயிர்களைக் காத்தவர் ஹாப்கின்.