பாம்பன் தூக்குப்பாலத்துக்குப் பெயர் தந்த ஷெர்ஸர்: யார் இவர்?

ராமேஸ்வரம் ரயில் உச்சிப்புளியைத் தாண்டியதுமே பெட்டிக்குள் பரபரப்பு ஆரம்பமாகிவிடும். அடுத்து மண்டபம், அப்புறம் கடல்தான். எல்லா செல்போனும் ஜன்னல் பக்கம் திரும்பும். இப்போது ரயில் போவது 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. அதன் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் பகுதி, ஊர்க்காரர்களுக்குத் தூக்குப்பாலம். ரயில்வே ஆட்களுக்கு ‘ஷெர்ஸர்’. அது ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்?

வில்லியம் டொனால்ட் ஷெர்ஸர், 1858-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பெரு என்ற சிற்றூரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பொறியியல் படித்துவிட்டு, ஊர் திரும்பிப் பாலம் கட்டும் வேலையில் இறங்கினார்.

1890-களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஒரு சிக்கல். உயரத்தில் ஓடும் நகர ரயில், ஆற்றைக் கடக்க வேண்டும். கப்பலும் போக வேண்டும். அப்போது வழக்கத்தில் இருந்தது பக்கவாட்டில் சுழலும் பாலம். அது சுழல இரண்டு பக்கமும் இடம் வேண்டும். அங்கே இடம் இல்லை.

தலையாட்டி பொம்மை டெக்னிக்

ஷெர்ஸர் யோசித்த வழி சிம்பிள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை எப்படிச் சாய்ந்து எழுகிறது? அடிப்பாகம் வளைவு, அங்கேயே எடை. அதேபோல பாலத்தின் பின்முனையை வளைவாக்கி, எதிர் எடையும் வைத்தார். பாலம் பின்பக்கம் உருண்டாலே முன்பக்கம் மேலே எழும். உருள்வதால் உராய்வு குறைவு. அதனால் கொஞ்சம் விசையே போதும்.

ஆனால், தன் பாலம் ஒன்றுகூட எழுவதை அவர் பார்க்கவில்லை. 1893 ஜூலையில், 35 வயதில் இறந்துபோனார். காப்புரிமை கிடைத்தது அதே ஆண்டு டிசம்பரில். தம்பி ஆல்பர்ட் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1895-ல் சிகாகோவில் முதல் பாலங்கள் திறந்தன. அப்புறம் இந்த டிசைன் உலகம் சுற்றியது.

பாம்பனுக்கு வந்தது

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளம், நடுவே 225 அடி ஷெர்ஸர் பகுதி. இரு பக்கமும் ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கர்டர்கள் கடலுக்குள் போயின. ஷெர்ஸர் பகுதி தப்பியது. மீதியை ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரிசெய்தது. 2007-ல் அகலப்பாதையும் வந்தது.

எதைக் காப்பாற்றுவது?

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மாற்றித்தான் ஆகணும். நூறு வருஷமாக நடந்ததும் அதுதான். மாறாமல் நின்றது அந்த உருளும் அசைவு. சிகாகோவின் வான் பியூரன் தெருவில் இருந்த ஆரம்பகால ஷெர்ஸர் பாலம் இப்போது இல்லை. வேறு பாலம் வந்துவிட்டது.

பழைய பாம்பன் பாலத்தைப் பிரிப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதை நினைவில் வைக்கலாம். இரும்புத் துண்டை மட்டும் காட்சிக்கு வைத்தால் அது வெறும் எடை. ஒருமுறையாவது எழுந்து இறங்கும்படி வைத்தால்தான் அது ஷெர்ஸர்.