கோ. நடேசய்யர்

நம்முள் பலருடைய முன்னோர் இலங்கை மலைநாட்டில் தேயிலையும் இரப்பரும் வளர்த்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கெனத் தொழிற்சங்கம் கண்ட முன்னோடி கோ. நடேசய்யர் ஆவார்.

தஞ்சையில் 1887ஆம் ஆண்டு பிறந்த இவர், பின்னர் இலங்கை சென்றார். அந்நாளில் துரைமாரின் இசைவின்றி அயலார் எவரும் தோட்டத்துள் அடிவைத்தல் அரிது. ஐயரோ புடவை வணிகர் வேடம் பூண்டு லயங்களுக்குட் புகுந்தார். குறைந்த கூலியிலும் கங்காணிக் கடனிலும் நம்மவர் உழன்றதை நேரிற் கண்டார். கண்டவற்றைத் தம் 'தேசபக்தன்' இதழில் எழுதினார். துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் எழுந்தது. 1936இல் அத்தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1947இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோருள் ஒரு சாரார் கட்சால் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர்.

கடல் இருமுறை கடந்த குடும்பங்கள் நாம். உழைப்போர் ஒன்றுகூடி உரிமை கேட்டல் குற்றமன்று என்பதை நம் மூதாதையர்க்கு உணர்த்திய அப்பெரியாரை, நம் இளைஞர்க்கு அறிமுகப்படுத்துதல் நம் கடமையாகும்.