கலைக்கு வாதாடிய வக்கீல்

மார்கழி நெருங்குகிறது. சென்னை சங்கீத வித்வத் சபையின் வருடாந்தர மகாநாடும் கச்சேரிகளும் வழக்கம்போல் டிசம்பர் 15-ந் தேதி தொடங்கி ஜனவரி முதல் தேதி வரை நடைபெறும். எந்த வித்வானுக்கு எந்த நாள் கிடைத்திருக்கிறது, யாருக்கு யார் பக்க வாத்தியம், டிக்கட் கிடைக்குமா கிடைக்காதா என்ற பேச்சு ரசிகர்களிடையே இப்போதே ஆரம்பமாகிவிட்டது. இச்சமயத்தில், அச்சபையின் ஆரம்ப காலக் காரியதரிசிகளுள் ஒருவராயிருந்த ஸ்ரீ இ. கிருஷ்ணய்யரின் வாழ்க்கையைச் சிறிது திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும். சங்கீத ரசிகர்களைக் காட்டிலும் அரசியல் தொண்டர்களே அவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், இன்று கனதனவான்களின் சபையாகக் காட்சியளிக்கும் இந்த ஸ்தாபனம் காங்கிரஸ் பந்தலிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1927-ம் வருஷம் டிசம்பர் மாதம் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. பூரண சுயராஜ்யமே இந்தியாவின் லக்ஷ்யம் என்ற தீர்மானமும், சைமன் கமிஷனைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்ற தீர்மானமும் அங்கே நிறைவேறியதை யாவரும் அறிவர். அந்த மகாசபையை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்றும் நடந்தது. நம் சங்கீதத்தை ஆராயவும் வளர்க்கவும் நிரந்தரமான சபை ஒன்று வேண்டுமென்று அந்த மகாநாட்டில் தீர்மானித்தார்கள். அதன்படி 1928 ஆகஸ்டு 18-ந் தேதி ஸர் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் சங்கீத வித்வத் சபையைத் தொடங்கிவைத்தார். டாக்டர் யு. ராமராவ் அதன் முதல் தலைவர். தேசத்துக்கு விடுதலை வேண்டுமென்று கேட்டவர்களே தேசத்தின் ராகங்களுக்கும் ஒரு வீடு வேண்டுமென்று கேட்டார்கள். இரண்டும் அவர்களுக்கு வேறு வேறு காரியங்களாகத் தோன்றவில்லை.

கிருஷ்ணய்யர் 1897-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி திருநெல்வேலி ஜில்லா கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். தாமிரபர்ணிக் கரையிலுள்ள அவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் பலருக்கு அப்பளத்தின் நினைவு வரும். அங்கே சங்கீத ஞானத்துக்கும் குறைவில்லை. பக்கத்து ஊரான அம்பாசமுத்திரத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையில் பட்டம் பெற்று, சட்டக் கலாசாலையிலும் தேறி, ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 1943 வரை அத்தொழிலில் இருந்தார். தேசீய இயக்கத்திலும் சேர்ந்து உழைத்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் அக்காலத்துத் தேசபக்த வக்கீல்கள் பலருள் ஒருவராகவே அவர் மறைந்திருப்பார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் ஸ்தாபித்த சுகுண விலாஸ சபையில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் வேஷம் கட்டி நடித்து வந்தார்கள். ஸ்திரீ வேஷமும் புருஷர்களே போடுவது வழக்கம். கர்நாடக சங்கீதம் பயின்றிருந்த கிருஷ்ணய்யரும் அச்சபையில் சேர்ந்தார். காளிதாஸனின் மாளவிகாக்னிமித்திரத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது. இரண்டு நாட்டியாசாரியர்களின் போட்டியும், அரசன் முன்னிலையில் கதாநாயகி ஆடிக்காட்டும் கட்டமும் அந்த நாடகத்தின் உயிர்நிலை. ஆகவே அதில் நடிப்பதற்கு ஆட்டம் தெரியவேண்டியிருந்தது. வேஷத்துக்காகக் கற்கத் தொடங்கியவர் பிறகு அதை விடவில்லை. பாகவத மேளத்துக்குப் பெயர்பெற்ற மெலட்டூரின் நடேசய்யரிடம் முறையாகப் பயின்றார். பின்னர் தாமே பெண் வேஷம் பூண்டு, சலங்கை கட்டி, மேடைதோறும் ஆடிக்காட்டி, இக்கலையின் பெருமையை விளக்கலானார். கோர்ட்டில் கறுப்பு அங்கியுடன் நிற்கும் ஒருவர் மாலையில் புடவை கட்டி அபிநயம் பிடிப்பதென்றால், அக்காலத்துச் சென்னையில் எவ்வளவு ஏளனத்துக்கு ஆளாகவேண்டியிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்று இக்கலையின் நிலைமை என்ன? சதிர் என்றும், சின்ன மேளம் என்றும், தாசியாட்டம் என்றும் அதற்குப் பெயர். கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட பெண்களும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்தார்கள். தஞ்சை அரசு மறைந்தபின் ஆதரித்த கைகள் குறைந்தன. 1893-ல் சென்னைச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் இவ்வித ஆட்டங்களுக்குப் பெரிய மனிதர்கள் போகக் கூடாதென்று வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் மனுச் செய்துகொண்டார்கள். அதன்பிறகு நாற்பது வருஷ காலம் இந்த எதிர்ப்பு வலுத்துக்கொண்டே வந்தது. கல்யாண வீடுகளில் சதிர் வைப்பது கௌரவக் குறைவென்று ஆயிற்று.

இந்த எதிர்ப்புக்குத் தலைமை வகித்தவர் சாமானியமானவரல்ல. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினர். அதன் உபதலைவராகவும் இருந்தவர். பொட்டுக் கட்டும் வழக்கம் சிறு பெண்களை எப்படிப்பட்ட வாழ்க்கையில் தள்ளுகிறது என்பதை வைத்தியராகவும் கண்டவர்; அச்சமூகத்தில் பிறந்த தாயாருக்கு மகளாகவும் அறிந்தவர். கோயில் மானியங்களைத் தாசி ஊழியத்தினின்று பிரித்துவிடும் சட்டம் 1929-ல் அவருடைய முயற்சியால் நிறைவேறிற்று. 1930-ல் மகாத்மா காந்தி கைதானபோது அதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியை உதறியவரும் அவரே. ஆகவே, இந்த வாதத்தில் ஒரு பக்கம் தேசபக்தரும் மறு பக்கம் சர்க்கார் அடிவருடியும் நின்றதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் தேசபக்தர்களே நின்றார்கள். அதுதான் இந்த விவகாரத்தின் கஷ்டம்.

1931 மார்ச் 15-ந் தேதி சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் முதன்முதலாக ஒரு சதிர்க் கச்சேரி நடந்தது. ஆடியவர்கள் தஞ்சாவூர்க் கல்யாணியின் புதல்விகளான ராஜலக்ஷ்மியும் ஜீவரத்தினமும். கிருஷ்ணய்யரின் ஏற்பாடு அது. பார்க்க வந்தவர்கள் சொற்பம். வீட்டில் கிராமபோன் வைத்துக் கேட்பவர்களும், வித்வான் ஒருவர் தோடி பாடினால் மெய்ம்மறப்பவர்களும்கூட அந்தப் பக்கம் தலை காட்டக் கூசினார்கள். இன்னொருவராயிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பார்.

அடுத்த வருஷம் விஷயம் தெருவுக்கு வந்தது. 1932 நவம்பரில் பொப்பிலி ராஜா சென்னை மாகாண முதன் மந்திரியானார். அவரைக் கௌரவித்து நடந்த விருந்தில் சதிர் வைக்கப்பட்டது. சட்டம் செய்யும் மந்திரியே இதற்கு இடம் கொடுக்கலாமா என்று டாக்டர் ரெட்டி பத்திரிகைகளில் கண்டித்து எழுதினார். கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். டிசம்பர் மாதத்தில் ஹிந்து முதலிய பத்திரிகைகளில் இருவரும் வாதித்ததைச் சென்னை முழுவதும் படித்தது. பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழியட்டும், ஆனால் அதைக் காரணமாகக் காட்டி ஆயிரம் வருஷத்துக் கலையை ஏன் கொல்லவேண்டுமென்பது வக்கீலின் கட்சி. வழக்கம் வேரூன்றியிருக்கும்வரை, மேடையில் கிடைக்கும் ஒவ்வொரு கைத்தட்டலும் இன்னொரு சிறு பெண்ணின் கழுத்தில் பொட்டாக ஏறுமென்பது டாக்டரின் கட்சி. இரண்டிலும் உண்மை இருந்தது என்றே சொல்லவேண்டும். கலையைக் கலைக்காகவே பார்க்கலாமென்று சொல்வது எளிது. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணுக்கு அது எளிதன்று. ஆனால், கிருஷ்ணய்யர் மட்டும் அன்று எழுந்து பேசாமலிருந்தால், வழக்கத்தோடு வர்ணமும் பதமும் தில்லானாவும் குழியில் போயிருக்கும் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை.

அந்த டிசம்பரில் கூடிய சங்கீத மகாநாட்டிலும் இப்பிரச்சனை விவாதத்துக்கு வந்தது. சதிர் என்ற பெயரிலிருந்த இழுக்கு நீங்கும்படி பரதநாட்டியம் என்ற பெயரை வழங்கச் செய்தவர்களுள் கிருஷ்ணய்யர் முக்கியமானவர். வக்கீலுக்குப் பெயரின் பலம் தெரியாதா? 1933 ஜனவரி முதல் தேதியன்று கல்யாணியின் புதல்விகள் மறுபடியும் சபையின் மேடையில் ஆடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வராதவர்கள் இப்போது கூட்டமாக வந்தார்கள். பத்திரிகைச் சண்டையைப்போல் விளம்பரம் வேறில்லை! அவ்வருஷமே வீணை தனம்மாளின் பேத்தியான இளம் பாலசரஸ்வதியும் அம்மேடையில் ஆடினார். பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையின் சிஷ்யைகளின் ஆட்டத்தைச் சபையில் கண்ட ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், அந்த ஆசிரியரிடமே பயின்று 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. அதன்பிறகு கௌரவமான குடும்பங்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் தங்கள் பெண்களுக்குச் சலங்கை கட்ட முன்வந்தார்கள்.

கிருஷ்ணய்யர் ஜயித்தார். ஆனால் அந்த ஜயத்தின் பலன் யாருக்குப் போயிற்று என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று, அது நியாயமே. அதற்குள் மேடை கைமாறிவிட்டது. யாருடைய பெண்கள் வசையையும் வறுமையையும் பொறுத்து இக்கலையை உயிரோடு வைத்திருந்தார்களோ, அவர்களுடைய குடும்பங்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டொழித்தார்கள். நட்டுவனார்கள் புதிய மாணவிகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த வழியும் அடைந்துபோயிற்று. கலையைக் காப்பாற்றவேண்டுமென்று வாதாடியவர், கலைஞர்களின் ஜீவனத்துக்கும் அதே மும்முரத்துடன் வாதாடியிருக்கவேண்டும். அவர் முதன்முதலில் மேடைக்கு அழைத்து வந்தவர்கள் அச்சமூகத்துப் பெண்களே என்பதை அவர் பக்ஷத்தில் சொல்லலாம். அதற்குமேல் சொல்வதற்கில்லை.

நாட்டியம் ஒன்றே அவருடைய கவலையாக இருக்கவில்லை. அக்காலத்துச் சங்கீத வித்வான்களின் குணதோஷங்களைச் சீர்தூக்கி இங்கிலீஷில் அவர் எழுதிய புத்தகம் 1933-ல் வெளிவந்தது. அதில் முகஸ்துதிக்கு இடமில்லை. யாருடைய குரல் எங்கே நிற்கிறது, யார் தாளத்தோடு மல்யுத்தம் செய்கிறார் என்பதைப் பயமில்லாமல் எழுதும் விமர்சகர் ஒருவர் சபையின் காரியதரிசியாகவும் இருந்தாரென்பது இந்நாளில் நம்புவதற்கு அரிது. மெலட்டூர் பாகவத மேள நாடகம் க்ஷீணித்திருந்தபோது அதற்குப் புத்துயிர் அளிப்பதற்கும் உழைத்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணச் சங்கீத நாடக சங்கத்தின் காரியதரிசியாகவும் பணியாற்றினார். 1966-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1968 ஜனவரியில், எழுபதாவது வயதில், காலஞ்சென்றார்.

சங்கீத வித்வத் சபை இப்போது ஜனவரியில் நாட்டியத்துக்கென்றே தனி விழா நடத்துகிறது. முதல் வரிசையில் இடம் பிடிப்பதற்குச் சிபாரிசு தேடுகிறவர்களும் உண்டு. சபையின் வருடாந்தர மகாநாட்டுக்குத் தலைமை வகிப்போருக்குச் சங்கீத கலாநிதி என்ற பட்டம் வழங்கும் முறை 1942-ல் ஏற்பட்டது. அதைப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சாஸ்திரம் அறிந்தவர்களும் பெற்றுவந்தார்கள். 1973-ல் அது முதன்முறையாக ஒரு நாட்டியக் கலைஞருக்குக் கிடைத்தது. அவர் தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி. கிருஷ்ணய்யர் மறைந்து அப்போது ஐந்து வருஷங்கள் ஆகியிருந்தன.