சின்னாளப்பட்டியின் டாக்டரம்மா

ஜொகூரிலிருந்து பழனிக்குப் போய் வந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. மதுரையில் இறங்கி, வேன் பிடித்து, திண்டுக்கல் வழியாகப் போவோம். திண்டுக்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னாடி, சிறுமலைப் பக்கமா காந்திகிராமம் என்று ஓர் இடம். பக்கத்து ஊர் சின்னாளப்பட்டி. நம்ம அம்மாமார்களுக்கு இந்தப் பெயரைச் சேலைக் கடையில் தெரியும். இளைஞர்களாகிய நமக்கு ஒரு டாக்டரால் தெரியணும். அவர் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன்.

பிறந்தது 1904-இல், வசதியான வைணவக் குடும்பத்தில். அப்பா டி.வி. சுந்தரம் ஐயங்கார். இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பார்க்கிற அந்த டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் அவர் பெயர்தான். அந்தக் கால வழக்கப்படி சௌந்தரத்துக்குச் சின்ன வயசிலேயே கல்யாணம் ஆனது. கணவர் ஒரு டாக்டர். மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்தவர். ஆனால் அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

இளம் விதவைக்கு அன்றைய சமூகம் ஒதுக்கியது வீட்டின் ஒரு மூலை. நல்ல காரியத்தில் முன்னே வரக்கூடாது, எதிரே வந்தால் சகுனம் சரியில்லை. இன்னும் நம்ம கல்யாண மண்டபங்களில் ஏதோ ஓர் அத்தை தானாகவே பின்வரிசைக்குப் போய் உட்காருவதைப் பார்க்கிறோம், இல்லையா? சௌந்தரம் பின்வரிசைக்குப் போகவில்லை. டில்லிக்குப் போனார். லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-இல், வயசு முப்பதைத் தாண்டிய பிறகு, டாக்டராக வெளியே வந்தார்.

டில்லியில்தான் ஜி. இராமச்சந்திரனைச் சந்தித்தார். கேரளத்துக்காரர், காந்தியடிகளின் சீடர். இருவரும் விரும்பினார்கள். சாதி வேறு, அதோடு விதவை மறுமணம். வீட்டில் எதிர்ப்பு வராமல் இருக்குமா? காந்தியடிகள் ஒரு சோதனை வைத்தார். ஓராண்டு சந்திக்கவும் கூடாது, கடிதம் எழுதவும் கூடாது. அதற்குப் பிறகும் மனசு மாறவில்லை என்றால் கல்யாணம். மனசு மாறவில்லை. 1940-இல் சேவாகிராமத்தில், காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் ஆசீர்வதிக்கத் திருமணம் நடந்தது.

மதுரையிலோ சென்னையிலோ கிளினிக் திறந்திருந்தால் அவர் பெயருக்கே கூட்டம் வந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது நெசவாளர்களும் கூலிக்காரர்களும் வாழ்ந்த சின்னாளப்பட்டி. கஸ்தூரிபா மறைந்த பிறகு, அவர் பெயரில் கிராமத்துப் பெண்களுக்காக அமைந்த நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்திருந்தது. 1947-இல் அங்கே தொடங்கியது ஒரு சின்ன பிரசவ கிளினிக். எத்தனை கட்டில் தெரியுமா? இரண்டே இரண்டு.

நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு டிரஸ்ஸர் இருப்பார், டாக்டர் எப்போதாவது வந்து போவார். தோட்டத்துக்காவது டிரஸ்ஸர் இருந்தார். அந்தக் கால இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. பிரசவம் வீட்டில்தான். சிக்கலானால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். அந்த இடத்தில் ஒரு பெண் டாக்டர் வந்து உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை. சகுனத்துக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் சமூகம் ஒதுக்கப் பார்த்த கைகள்தான், பிறகு பச்சைக் குழந்தைகளை முதலில் ஏந்தின.

அதே ஆண்டு அக்டோபரில் கணவரோடு சேர்ந்து காந்திகிராமத்தை அமைத்தார். ஆஸ்பத்திரியோடு பள்ளிக்கூடம், கதர், கிராமத் தொழில், பெண்களுக்கு ஊழியப் பயிற்சி எல்லாம் அங்கே வளர்ந்தன. மாத்திரை மட்டும் கொடுத்தால் கிராமம் தேறாது என்பது அவர்கள் கண்டுகொண்ட விஷயம். அவர்கள் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

அரசியலுக்கும் போனார். 1952-இலும் 1957-இலும் சட்டமன்றம், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம், நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சர், அதே ஆண்டு பத்மபூஷண் விருது. பதவிப் பட்டியல் நீளம்தான். என்றாலும் எனக்கு அந்த இரண்டு கட்டில்தான் பெரிசாகத் தெரிகிறது.

1984 அக்டோபரில் சௌந்தரம் அம்மா காலமானார். இரண்டு கட்டில் கிளினிக் இப்போது கஸ்தூரிபா மருத்துவமனை. அங்கே இன்றும் பிரசவம் நடக்கிறது. பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்கும் அங்கே தொட்டில் உண்டு.